பேசித் தீர்க்கும் வைத்தியம்

சென்ற வாரம் வந்த கடிதங்களில் ஒன்று என் மேஜையை விட்டு அகல மறுக்கிறது. காவேரிக் கரையில் உள்ள ஓர் ஊரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். எட்டுப் பக்கம் எழுதிவிட்டு, "சுருக்கமாக முடித்துக் கொள்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். பள்ளிக்கூட உபாத்தியாயினி. வயது 34. கணவர் நல்லவர், குழந்தைகள் இரண்டு, குடியிருக்கச் சொந்த வீடு. குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ஆறு மாத காலமாக நடுநிசியில் விழிப்புக் கண்டு விடுகிறது. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, இதோ பிராணன் போய்விடப் போகிறது என்று தோன்றுகிறது. கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கி விடுகிறது. அப்புறம் விடியும் வரையில் தூக்கம் கிடையாது.

இ.சி.ஜி. எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள், தைராய்டு பார்த்தார்கள். இருதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டு, டாக்டர் சீட்டின் அடியில் ஒரு மனோதத்துவ நிபுணரின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார். வருகிற புதன்கிழமை மாலை 5 மணிக்கு முதல் சந்திப்பு.

"அங்கே என்ன செய்வார்கள்? நான் என்ன பேசவேண்டும்? நடுவில் அழுகை வந்துவிட்டால் என்ன செய்வது? மாமியாரிடம் எங்கே போவதாகச் சொல்வது?" என்று நாலு கேள்விகள் கேட்டிருக்கிறார். நாலாவது கேள்விக்கு மட்டும் இரண்டு பக்கம் செலவாகியிருக்கிறது.

தபாலில் பதில் எழுதி விடலாம். ஆனால் இதே கேள்விகளை மனத்துக்குள் வைத்துக் கொண்டு யாரிடமும் கேளாமல் இருக்கிறவர்கள் அநேகர் என்பது எனக்குத் தெரியும். ஆகையால் அவருடைய அனுமதியின் பேரில், அடையாளங்களை மாற்றி, இங்கேயே எழுதுகிறேன். இதை எழுத எனக்கு ஒரு யோக்யதாம்சமும் உண்டு. நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். மனநல மருத்துவர் என்பவர் வைத்தியக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்று, பிறகு மனநோய்த் துறையில் மேல்படிப்புப் படித்தவர். மருந்து எழுதிக் கொடுக்க அதிகாரம் உள்ளவர். மருத்துவ உளவியல் நிபுணர் என்பவர் மனோதத்துவம் படித்து, ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்று, இந்தியப் புனர்வாழ்வு கவுன்சிலில் பதிவு செய்து கொண்டவர். அவர் மருந்து தருவதில்லை, பேச்சினாலேயே சிகிச்சை செய்கிறார். மூன்றாவதாக, 'கவுன்சலர்' என்று பலகை மாட்டிக் கொண்டிருப்பவர்கள். இவர்களில் நன்றாகப் பயின்றவர்களும் உண்டு. ஒரு வார வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவர்களும் உண்டு. ஆனபடியால், "நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்? எங்கே பயிற்சி பெற்றீர்கள்?" என்று முதல் நாளே கேட்பதில் தவறு ஒன்றும் இல்லை. புடவைக் கடையில் சாயம் போகுமா என்று கேட்கிறோம். மனத்தைத் திறந்து காட்டும் இடத்தில் இதைக் கேட்கக் கூடாதா?

அடுத்தபடி, சினிமாவை மறந்து விடுங்கள். கண்ணுக்கு முன்னால் கடிகாரத்தை ஆட்டித் தூங்க வைக்கமாட்டார்கள். சாய்வுக் கட்டிலில் படுக்கச் சொல்வதும் அபூர்வம். அந்தக் கட்டில் டாக்டர் பிராய்டின் சம்பிரதாயம். பாரசீகக் கம்பளம் விரித்த அவருடைய கட்டில், அவர் கடைசியாக வசித்த லண்டன் வீட்டில் இன்றும் காட்சிப் பொருளாக இருக்கிறது. மற்ற இடங்களில் பெரும்பாலும் இரண்டு நாற்காலிகள்தான். ஒன்றில் அவர், ஒன்றில் நீங்கள்.

இந்த வைத்தியத்துக்குப் பெயர் வைத்தவர் ஒரு நோயாளி என்பது அநேகருக்குத் தெரியாது. 1880-ஆம் வருஷம் வியன்னா நகரத்தில் பெர்த்தா பாப்பன்ஹைம் என்ற 21 வயதுப் பெண், நோயுற்ற தகப்பனாருக்கு இரவெல்லாம் கண்விழித்துப் பணிவிடை செய்து வந்தாள். அப்படியிருக்கையில் அவளுக்கே கை மரத்துப் போயிற்று, பார்வை குழம்பிற்று, தாய்மொழியான ஜெர்மன் மறந்து இங்கிலீஷ் மட்டும் பேச வந்தது. ஒரு கோடைக் காலத்தில், தாகம் தொண்டையை வறட்டியும், தண்ணீர்க் கோப்பை உதட்டில் பட்டதும் தள்ளி விடுவாளாம். பழங்களைத் தின்றே காலம் கழித்தாள். டாக்டர் பிராயர் என்பவர் அவள் பேசுவதைப் பொறுமையாகக் கேட்டுக் கொண்டிருந்தார். ஒரு நாள் மயக்க நிலையில் அவள், தன் தோழியாக வீட்டில் இருந்த ஆங்கில மாதின் நாய்க்குட்டி ஒரு கோப்பையில் தண்ணீர் குடித்ததைக் கண்டு அருவருப்பு அடைந்ததையும், மரியாதைக்காக அதை வெளிக்காட்டாமல் அடக்கிக் கொண்டதையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். இந்தச் சிகிச்சைக்குப் 'பேச்சு வைத்தியம்' என்று அவளே பெயர் வைத்தாள். விளையாட்டாகப் 'புகைக்கூண்டு பெருக்குதல்' என்றும் சொல்வாளாம்.

1895-ல் பிராயரும் பிராய்டும் சேர்ந்து வெளியிட்ட புத்தகத்தில் அவளை 'அன்னா ஓ.' என்று மறுபெயரிட்டு எழுதினார்கள். படிப்பவர்கள் அவள் பூரண குணம் அடைந்தாள் என்றே எண்ணிக் கொண்டார்கள். உண்மை அப்படியல்ல. 1882-ல் சுவிட்ஸர்லாந்தில் ஒரு சிகிச்சை விடுதியில் அவளைச் சேர்க்க வேண்டியிருந்தது. அதற்குப் பின்னும் பல தடவை விடுதி வாசம் நேர்ந்தது. ஆனால் கதை அங்கேயும் முடியவில்லை. பிற்காலத்தில் அந்த அம்மாள் ஜெர்மனியில் அநாதைப் பெண்களுக்கான இல்லத்தை நடத்தி, 1904-ல் யூத மாதர் சங்கத்தை ஸ்தாபித்து, பெண்களை விலைக்கு விற்கும் கொடுமையை எதிர்த்துப் போராடி, பெயரும் புகழும் பெற்று, 1936-ல் காலமானார். பேச்சு வைத்தியத்தின் முதல் கதையே இப்படிக் கரடுமுரடானது. நாலு நாள் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்தக் கதையை நினைத்துக் கொள்ளுங்கள்.

"இதெல்லாம் வெள்ளைக்காரர் சமாசாரம்; நமக்கு எதற்கு?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. 1922-லேயே கல்கத்தாவில் டாக்டர் கிரீந்திரசேகர போஸ் இதற்கென்று ஒரு சங்கம் அமைத்து விட்டார். பிராய்டு சொன்னதற்கெல்லாம் தலையாட்டாமல், கடிதத்தில் அவரோடு வாதாடியவர் அவர். 1931-ல் பிராய்டின் 75-வது பிறந்த நாளுக்கு அந்தச் சங்கத்தார் தந்தத்தில் செய்த விஷ்ணு விக்ரகம் ஒன்றை அனுப்பி வைத்தார்கள். பிராய்டு அதைத் தம் எழுதும் மேஜையிலேயே வைத்துக் கொண்டார்.

நிற்க. என் கதைக்கு வருகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் என் தாயார் கிராமத்தில் காலமானாள். நான் சென்னையில் இருந்தேன். காரியங்கள் எல்லாம் முறைப்படி நடந்தன. உறவினர்கள் வந்து போனார்கள். "கல்யாணச் சாவு, கொடுத்து வைத்தவள்" என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். ஆனால் அதற்குப் பிறகு எனக்கு டெலிபோன் மணி அடித்தால் உடம்பு தூக்கிப் போட ஆரம்பித்தது. இரவு 2 மணிக்கு மேல் தூக்கம் வராது. மனைவியிடமும் பிள்ளையிடமும் காரணமின்றி எரிந்து விழுந்தேன். இரண்டு வரி எழுதினால் மூன்று வரி அடித்தேன்.

ஒரு நண்பர் வற்புறுத்தி ஒரு 'கவுன்சலரிடம்' அனுப்பி வைத்தார். அவர் யார், எந்த இடம் என்பது இங்கே வேண்டாம். நான் பேசிக் கொண்டிருந்த பொழுதே இரண்டு தடவை செல்போனைப் பார்த்தார். "தாய் என்றால் எல்லோருக்கும் ஒரு நாள் போகிறவள்தானே, சார்? மனத்தைத் திடப்படுத்திக் கொள்ளுங்கள். தியானம் செய்யுங்கள்" என்றார். பத்துத் தடவைக்கு மொத்தமாகப் பணம் கட்டினால் சலுகை உண்டு என்றும் தெரிவித்தார். மொத்தப் பணம் கட்டவில்லை. ஆனாலும் மரியாதைக்காக இன்னும் ஒரு தடவை போனேன். அப்புறம் போகவில்லை. இந்த வைத்தியமே பொய் என்று முடிவு கட்டிவிட்டு, மேலும் எட்டு மாதத்தை வீணாக்கினேன். ஒரு ஹோட்டலில் சாம்பார் நன்றாயில்லை என்பதற்காக உலகத்தில் சாம்பாரே கூடாது என்று தீர்மானிக்கிறோமா? ஆனால் இந்த விஷயத்தில் அநேகர் அப்படித்தான் செய்கிறோம். ஆளுக்கு ஆள் பொருத்தம் வேண்டும். இரண்டு மூன்று தடவை பேசியும் மனம் ஒட்டவில்லையென்றால், "எனக்கு இது சரிப்படவில்லை, வேறு ஒருவரைச் சொல்ல முடியுமா?" என்று அவரிடமே கேட்கலாம். நல்லவராயிருந்தால் கோபித்துக் கொள்ளமாட்டார்.

எட்டு மாதம் கழித்து இன்னோர் இடத்துக்குப் போனேன். ஒரு பல் வைத்தியரின் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடி. தெரிந்தவர் யாராவது படிக்கட்டில் பார்த்தால் கடைவாயைப் பிடித்துக் கொள்ளலாம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். மாடியில் இருந்தவர் ஓர் இளம் பெண்மணி. என் தங்கையைவிட வயதில் சின்னவர். இவரிடம் எதைச் சொல்வது என்று அவநம்பிக்கையோடுதான் உட்கார்ந்தேன்.

முதல் நாள் பெரும்பாலும் விசாரணையிலேயே போகும். என்ன கஷ்டம், எப்போது ஆரம்பித்தது, தூக்கம் எப்படி, ஆகாரம் எப்படி, வீட்டில் யார் யார், இதற்கு முன் சிகிச்சை உண்டா, என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், குடும்பத்தில் யாருக்காவது இம்மாதிரி இருந்ததா என்றெல்லாம் கேட்பார்கள். ஒரு படிவமும் கொடுப்பார்கள். அநேக இடங்களில் கொடுக்கும் படிவம் ஒன்றில் ஒன்பது கேள்விகள் இருக்கும்: கடந்த இரண்டு வாரத்தில் உற்சாகக் குறைவு எத்தனை நாள், தூக்கக் கெடுதி எத்தனை நாள், பசியின்மை எத்தனை நாள் என்று. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பள்ளிக்கூடப் பழக்கத்தில் நிறைய மதிப்பெண் வாங்க ஆசைப்பட வேண்டாம். இங்கே குறைய வாங்குவதுதான் நல்லது.

நான் மூக்குக் கண்ணாடியை மறந்து விட்டுப் போயிருந்தேன். ஆகவே அந்த அம்மாள் கேள்விகளை உரக்கப் படிக்க, நான் உரக்கப் பதில் சொல்லும்படி ஆயிற்று. ஒன்பதாவது கேள்வி, செத்துப் போனால் தேவலை என்ற எண்ணமோ, தன்னைத்தானே துன்புறுத்திக் கொள்ளும் எண்ணமோ வந்ததுண்டா என்பது. "சேச்சே! அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது" என்றேன். அடுத்த அறைக்குக் கூடக் கேட்டிருக்கும்.

பிறகு மிச்ச நேரம் முழுவதும் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சாக்கடையை எங்கள் பக்கம் திருப்பி விட்ட அநியாயத்தைப் பற்றிப் பேசினேன். அவரும் குறுக்கிடாமல் கேட்டுக் கொண்டார். ஐம்பது நிமிஷம் ஆயிற்று. இந்த வைத்தியத்தில் ஒரு மணி என்பது பெரும்பாலும் 45 அல்லது 50 நிமிஷந்தான். குறிப்பெழுதவும், அடுத்தவரை எதிர்பார்க்கவும் பாக்கி நேரம் வேண்டுமல்லவா? எழுந்திருக்கும்போது, "சொல்ல வேண்டும் என்று நினைத்து வந்து, சொல்லாமல் போகிற விஷயம் ஏதாவது உண்டா, சார்?" என்று கேட்டார். "ஒன்றுமில்லை" என்றேன். "சரி. அடுத்த வாரமும் இந்த நாற்காலி இங்கேதான் இருக்கும்" என்றார்.

சகோதரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில். என்ன பேசவேண்டும் என்று ஒத்திகை பார்த்துக் கொண்டு போகவேண்டாம். சாக்கடையைப் பற்றிப் பேசினாலும் பேச்சுத்தான். முதல் நாளே நெஞ்சைப் பிளந்து காட்டவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. "இதைப் பற்றி இன்று பேச எனக்கு இஷ்டமில்லை" என்று சொல்ல உங்களுக்குப் பூரண உரிமை உண்டு. பணம் எவ்வளவு, வரமுடியாத நாளைக்கு எத்தனை மணி நேரம் முன்னால் தெரிவிக்கவேண்டும், இடையில் அவசரம் என்றால் டெலிபோனில் கூப்பிடலாமா என்பவற்றையும் முதல் நாளே கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

ரகசியத்தைப் பற்றி நீங்கள் அதிகமாகக் கவலைப்படுவது தெரிகிறது. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுகிறவரின் விஷயங்கள் வெளியே போகக் கூடாதென்பதை அவருடைய உரிமையாகவே ஆக்கியிருக்கிறது. உங்கள் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் கேட்டாலும், மாமியாரே நேரில் வந்து கேட்டாலும் அவர் சொல்லக் கூடாது. விலக்குகளும் உண்டு: உங்கள் உயிருக்கோ, பிறர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தாலும், கோர்ட்டு உத்தரவு போட்டாலும் தேவையானவற்றைச் சொல்லலாம். இந்த விலக்குகளை நல்ல வைத்தியர் முதல் நாளே உங்களிடம் எடுத்துச் சொல்லிவிடுவார். சொல்லவில்லையென்றால் நீங்களே கேளுங்கள். 'அன்னா ஓ.' யார் என்பதைப் பிராய்டின் சரித்திரத்தை எழுதிய எர்னஸ்ட் ஜோன்ஸ் 1953-ல் அச்சிலேயே போட்டு உடைத்து விட்டார். அந்த அம்மாள் மறைந்து 17 வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் அது எனக்கு ஒப்பவில்லை.

மூன்றாவது வாரம் உட்கார்ந்ததும், என்னையும் அறியாமல், "அந்த ஒன்பதாவது கேள்விக்கு நான் சொன்ன பதில் சரியல்ல" என்றேன். அவர் திடுக்கிடவில்லை. உபதேசமும் செய்யவில்லை. எத்தனை நாளாக, எப்படி எப்படித் தோன்றுகிறது, அதற்காக ஏதாவது சேர்த்து வைத்திருக்கிறீர்களா, வீட்டில் யாருக்குத் தெரியும் என்று நிதானமாகக் கேட்டார். இப்படி வெளிப்படையாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தையும் உண்டாக்கி விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது வீண் பயம். ஒருவர் கேட்டு, நான் சொன்ன பிறகு, அதன் பாரம் பாதியாகக் குறைந்தது போலிருந்தது. இருவருமாக ஒரு காகிதத்தில் எழுதினோம்: எண்ணம் வரும்போது முதலில் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது, எங்கே போவது என்று. தூக்க மாத்திரை அட்டையை என் மனைவியிடம் கொடுத்து வைக்கச் சம்மதித்தேன். மனநல மருத்துவர் ஒருவரையும் பார்க்கச் சொன்னார், பார்த்தேன், சில மாதம் மருந்தும் சாப்பிட்டேன். பேச்சும் மருந்தும் ஒன்றுக்கொன்று விரோதிகள் அல்ல.

ஐந்தாவது வாரந்தான் விஷயம் வெளியே வந்தது. தாயார் இறந்த அன்று இரவு 10.40-க்கு அவளிடமிருந்து டெலிபோன் வந்தது. நான் இதே பக்கத்துக்கு உரிய அச்சுப் பிரதியைத் திருத்திக் கொண்டிருந்தேன். அவள் பெயரைப் பார்த்தேன். காலையில் பேசிக் கொள்ளலாம் என்று மணியை அடக்கி விட்டேன். காலை 5 மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூப்பிட்டார்கள். இந்தச் சங்கதியை நான் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம் கூட.

நான் எதிர்பார்த்தது, "அதில் உங்கள் தவறு ஒன்றுமில்லை" என்ற சமாதானத்தைத்தான். அதை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். "அம்மா வழக்கமாக எத்தனை மணிக்குக் கூப்பிடுவார்கள்?" என்று கேட்டார்.

"தினமும் அந்த நேரத்துக்குத்தான்."

"இதற்கு முன்னாலும் எடுக்காமல் இருந்ததுண்டா?"

"உண்டு. அச்சு வேலை இருக்கும் நாட்களில் எடுப்பதில்லை."

"மறுநாள் அம்மா என்ன சொல்வார்கள்?"

"'நீ தூங்கிப் போயிருப்பாய் என்று நினைத்தேன்' என்பாள்" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

மூன்றாவது கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லி விடுகிறேன். அழுகை வந்தால் அழலாம். அங்கே மேஜைமேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒன்று எப்போதும் இருக்கும். உங்களுக்கு முன்னால் வந்தவரும் அதில் இரண்டு எடுத்திருப்பார். நான் அன்று எத்தனை எடுத்தேன் என்று எண்ணவில்லை.

இதைப் படித்து, பாரம் இறங்கி அன்றிரவே சுகமாகத் தூங்கினேன் என்று எண்ணி விடாதீர்கள். அடுத்த மூன்று இரவுகள் அதற்கு முன்னால் இருந்ததைவிட மோசம். வீட்டில் பெரிய சண்டை. இனிமேல் அங்கே காலடி வைப்பதில்லை என்று பிரதிக்ஞை செய்தேன். நல்லவேளையாக, இப்படி நேரலாம் என்று அந்த அம்மாள் முன்னமேயே எச்சரித்திருந்தார். ஆறின புண் என்று நினைத்து மூடியிருந்ததைத் திறக்கும்போது இரண்டு நாள் வலிக்கத்தான் செய்யும். பாதியில் நின்று விடுகிறவர்கள் பலர் இந்தக் கட்டத்தில்தான் நிற்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். வலியோ வாரக் கணக்கில் குறையாமல் நீடித்தால், அதையே அங்கே போய்ச் சொல்லவேண்டும். மொத்தம் 14 தடவை போனேன். டெலிபோன் மணி இப்போதும் அடிக்கிறது. இப்போது எடுத்துப் பேசுகிறேன்.

சகோதரியின் வைத்தியம் என்னுடையதைப் போல் இருக்கவேண்டியதில்லை. அமெரிக்காவில் ஆரன் பெக் என்ற டாக்டர், பிராய்டு வழியில் பயின்றவர், மனச்சோர்வு உள்ளவர்களின் உள்ளத்தில் 'நான் உபயோகமற்றவன்' என்பது போன்ற எண்ணங்கள் மின்னல் போல் வந்து போவதையும், அவற்றை அவர்கள் சோதித்துப் பாராமலேயே நம்பி விடுவதையும் கவனித்தார். 1960-களில் அவர் தொடங்கிய முறையில், பழங்கதையைவிட இன்றைய எண்ணத்துக்கும் நடத்தைக்கும் முக்கியத்துவம் அதிகம். நடுநிசிப் படபடப்பு விஷயத்தில் டேவிட் கிளார்க் என்பவர் ஆக்ஸ்போர்டிலிருந்து 1986-ல் எழுதிய விளக்கம் ரொம்பத் தெளிவானது. நெஞ்சு சற்று வேகமாக அடிக்கிறது. 'மாரடைப்பு' என்று மனம் அலறுகிறது. அந்தப் பயத்தினால் நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கிறது. அதைக் கண்டு பயம் இன்னும் ஏறுகிறது. செக்கு மாடு மாதிரி இந்த வட்டத்திலேயே சுற்றுகிறோம். வட்டத்தை ஓரிடத்தில் அறுப்பதுதான் வைத்தியம்.

அதற்காக அவர் உங்களைச் சில விசித்திரமான காரியங்கள் செய்யச் சொல்லக் கூடும். மாடிப் படியை வேகமாக ஏறி இறங்கச் சொல்வார்; வேண்டுமென்றே படபடவென்று மூச்சு விடச் சொல்வார். பயப்படும் அதே உணர்ச்சியை அவர் முன்னிலையில் நீங்களே வரவழைத்து, அது தானாகவே அடங்குவதைப் பார்ப்பதற்காக. வீட்டுப் பாடமும் கொடுப்பார்: எந்த இரவில், எத்தனை மணிக்கு, என்ன எண்ணம் வந்தது என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்து வரும்படி. உபாத்தியாயினியான தாங்கள் வீட்டுப் பாடம் செய்யாத பிள்ளைகளைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்பதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளவேண்டும். வாரம் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு தடவைக்குள் மாறுதல் தெரியவேண்டும். நாலைந்து தடவைக்கு ஒரு முறை, "நாம் எங்கே இருக்கிறோம்? குணம் தெரிகிறதா?" என்று இருவரும் கணக்குப் பார்ப்பது நல்லது.

பணச் செலவைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். தனியார் இடங்களில் கட்டணம் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறுகிறது. எல்லோருக்கும் கட்டுப்படியாகும் என்று சொல்லமாட்டேன். அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரிகளிலும் மனநலப் பிரிவு உண்டு, கூட்டமும் உண்டு. 2022 அக்டோபரில் இந்திய அரசாங்கம் ஆரம்பித்த 'டெலி-மானஸ்' என்ற டெலிபோன் சேவை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்த நேரத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம். அந்த ஒன்பதாவது கேள்விக்கு உண்மையான பதில் 'ஆம்' என்று உள்ளவர்கள் புதன்கிழமைக்காகவோ, ஐந்தாவது வாரத்துக்காகவோ காத்திருக்க வேண்டாம். இன்றே அந்த எண்ணுக்குப் பேசுங்கள், அல்லது பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பாக்கி இருப்பது நாலாவது கேள்வி: மாமியாரிடம் என்ன சொல்வது?

"டாக்டர் எழுதிக் கொடுத்த இடத்துக்குப் போகிறேன்" என்று சொல்லுங்கள். அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை. கணவரிடம் முழு விவரத்தையும் சொல்லி விடுங்கள். நடுநிசியில் பக்கத்தில் விழித்துக் கொள்கிறவர் அவர்தானே? முதல் நாள் அவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். ஆனால் உள்ளே நீங்கள் மட்டும் போங்கள். மாமியார் மேலும் துருவிக் கேட்டால், எவ்வளவு சொல்வது என்பது உங்கள் இஷ்டம். இந்தக் கேள்வி ஒன்றுக்கு மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். புதன்கிழமை என்ன பேசுவது என்று தெரியாமல் திகைத்தால், அந்த இரண்டு பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

5 மணி என்றால் பத்து நிமிஷம் முன்னதாகப் போய் விடுங்கள், படிவம் நிரப்பவேண்டும். திரும்பி வந்தவுடன் பரீட்சைத் தாள் திருத்துவது, விருந்தாளிகளுக்குச் சமைப்பது போன்ற காரியங்களை அன்று மாலைக்கு வைத்துக் கொள்ளவேண்டாம். கண்ணாடி போடுகிறவராயிருந்தால் மறக்காமல் எடுத்துக் கொண்டு போங்கள்.